குதிரை ஓட மக்காச்சோளம்

(வானொலியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நெல்லுக்கு நண்டு ஓடணும், கரும்புக்கு நரி ஓடணும், வாழைக்கு வண்டி ஓடணும், தென்னைக்குத் தேர் ஓடணும் என்று நம்ம பெரியவங்க பயிர் இடைவெளிக்கு ஒரு கணக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அடி, அங்குலம் தெரியாதவர்களுக்கும் புரிகிற அளவு அது. ஆனால் இந்தக் கணக்கில் மக்காச்சோளத்துக்கு இடம் இல்லை. காரணம், அது நம்ம ஊர்ப் பயிர் இல்லை. பெயரில் மக்கா இருந்தாலும், அது பிறந்தது அமெரிக்கக் கண்டத்தில், மெக்சிக்கோ நாட்டில். அங்கே சுமார் 9,000 வருஷங்களுக்கு முன்னால் ஒரு காட்டுப் புல்லிலிருந்து மனிதர்கள் தேர்ந்தெடுத்து உருவாக்கிய பயிர் அது.

இப்போது கறவை மாடு வைத்திருக்கிற பலர் தீவனத்துக்காக மக்காச்சோளம் போடுகிறார்கள். கிராமங்களுக்குப் போகும்போது எங்களிடம் இரண்டு கேள்விகள் வருகின்றன. முதல் கேள்வி: "மாட்டுக்குத்தானே சார், கையால வீசி விட்டா போதாதா? எதுக்கு வரிசையும் அளவும்?" இரண்டாவது கேள்வி: "விதைப் பையில 60க்கு 25 சென்டிமீட்டர்னு போட்டிருக்கு. மாட்டுத் தீவனத்துக்கும் அதே அளவுதானா?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். பால் உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போய்விடுகிறது. ஒரு ஏக்கரில் செடிகளை எப்படி நிறுத்துகிறோம் என்பதில்தான் அந்தத் தீவனம் மாட்டின் வயிற்றுக்குப் போகிறதா, தொட்டியில் மிச்சமாகக் கிடக்கிறதா என்பது அடங்கியிருக்கிறது. இந்தக் கேள்விகளுக்கு ஒரே வரியில் அளவு சொல்லிவிடலாம். ஆனால் அந்த அளவு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், உங்கள் வயலுக்கு எது பொருந்தும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். அதனால் இன்றைக்குக் கொஞ்சம் சரித்திரம் பேசுவோம்.

மண் குவியலில் தொடங்கிய கணக்கு

1605ஆம் வருஷம் சாம்ப்ளேன் என்ற பிரெஞ்சுக்காரர் வட அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில், இன்றைக்கு மெய்ன் மாநிலம் இருக்கிற பகுதியில் போய் இறங்கினார். அங்கிருந்த பழங்குடி மக்கள் மக்காச்சோளம் பயிரிடுவதைப் பார்த்து எழுதி வைத்தார். ஒரு இடத்தில் மூன்று நான்கு விதை, அதைச் சுற்றி மண் அணைப்பு, அங்கிருந்து மூன்று அடி தள்ளி இன்னொரு குவியல். சோளத்தோடு அவரை விதையும் போட்டார்கள். அவரைக் கொடி சோளத் தட்டையைப் பிடித்து ஏறியது. வயலில் களை இல்லாமல் சுத்தமாக வைத்திருந்தார்கள் என்றும் அவர் குறிப்பிட்டிருக்கிறார்.

ஏர் இல்லை, மாடு இல்லை, குதிரை இல்லை. கைக்கருவியோடு ஒரு ஆள் சுற்றி வந்து களை எடுத்து, மண் அணைக்க எவ்வளவு இடம் வேணுமோ அதுதான் அங்கே இடைவெளி. பயறும் மக்காச்சோளமும் சேர்த்துப் போடுகிற இந்த யோசனையை மறந்துவிடாதீர்கள், கடைசியில் அதற்குத் திரும்பி வருவோம்.

குதிரை போட்ட அளவு

ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் இந்தப் பயிரை எடுத்துக்கொண்டார்கள். நிலம் பெரிசு, ஆள் குறைவு. அதனால் களை எடுக்கிற வேலை குதிரைக்குப் போனது. குதிரை பயிரை மிதிக்காமல் வரிசைக்கு நடுவில் போக வேண்டும். அதற்கு ஏற்ற மாதிரி 40 முதல் 42 அங்குல இடைவெளி வழக்கத்துக்கு வந்தது. நரி ஓடின கரும்பு மாதிரி, அங்கே குதிரை ஓடின மக்காச்சோளம்.

அதோடு நிற்கவில்லை. வயலில் நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்குவாக்கில் ஒரு தடவை கோடு இழுத்து, கோடுகள் சந்திக்கிற இடத்தில் மட்டும் விதைப்பார்கள். சதுரம் சதுரமாக, சதுரங்கப் பலகை மாதிரி பயிர் நிற்கும். அப்போதுதான் களைக் கலப்பையை இரண்டு பக்கமும் ஓட்ட முடியும். நம்ம ஊரில் செம்மை நெல் சாகுபடியில் 25க்கு 25 சென்டிமீட்டர் சதுர நடவு செய்து, கோனோவீடரை இரு பக்கமும் உருட்டுகிறோமே, அதே யோசனைதான்.

1853ஆம் வருஷம் இல்லினாய் மாநிலத்துக்காரர் ஜார்ஜ் பிரவுன் குதிரை இழுக்கிற விதைப்புக் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். ஒருவர் குதிரையை ஓட்ட, ஒரு பையன் கருவிமேல் உட்கார்ந்து, கோடு சந்திக்கிற இடம் வந்ததும் நெம்புகோலைத் தள்ளி விதையை விடுவான். பிற்பாடு அந்தப் பையனுக்குப் பதிலாக முடிச்சுப் போட்ட கம்பி வந்தது. கம்பியை வயல் முழுக்க இழுத்துக் கட்டி வைப்பார்கள். கருவி நகரும்போது ஒவ்வொரு முடிச்சும் தட்டி விதையை விழச் செய்யும். நாம் கயிறு பிடித்து நடுகிற மாதிரி அங்கே கம்பி பிடித்து விதைத்தார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 42 அங்குலத்துக்கு 42 அங்குலம் என்றால் ஒரு ஏக்கருக்கு சுமார் 3,550 குத்து. குத்துக்கு மூன்று செடி வைத்தால் 10,600 செடிகள். அவ்வளவுதான். அந்த நாட்டில் 1866இல் அரசுப் புள்ளிவிவரம் எடுக்கத் தொடங்கியதிலிருந்து 1930கள் வரை ஏக்கர் மகசூல் சுமார் 26 புஷலைச் சுற்றியே நின்றது. நம்ம கணக்கில் ஏறத்தாழ 650 கிலோ. எழுபது வருஷம் அது பெரிதாக அசையவே இல்லை. அந்த இடைவெளியை வகுத்தது பயிரின் தேவை அல்ல, குதிரையின் அகலம் என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

குதிரை போனது, வரிசை நெருங்கியது

பிறகு நான்கு மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. முதலாவது வீரிய ஒட்டு விதை. அயோவா மாநிலத்தில் 1935இல் பத்தில் ஒரு பங்கு நிலத்தில்கூட இல்லாத ஒட்டு மக்காச்சோளம், நான்கே வருஷத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பரவியது. இரண்டாவது டிராக்டர். மூன்றாவது, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலிவாகக் கிடைத்த தழைச்சத்து உரம். நான்காவது களைக்கொல்லி. 1940களின் நடுவில் 2,4-டி வந்தது, 1950களின் கடைசியில் அட்ரசின் வந்தது.

களையை மருந்து பார்த்துக்கொண்டால் குறுக்கே கலப்பை ஓட்ட வேண்டிய அவசியம் என்ன? சதுர நடவு மறைந்தது. குதிரையே இல்லாதபோது 42 அங்குல இடைவெளி எதற்கு? வரிசை மெல்ல மெல்ல நெருங்கி 30 அங்குலத்துக்கு, அதாவது 76 சென்டிமீட்டருக்கு வந்து நின்றது. இன்றைக்கும் அங்கே பரவலான வழக்கம் அதுதான். செடி எண்ணிக்கையும் கூடியது. 1930களில் ஏக்கருக்கு சுமார் 12,000 செடிகள் இருந்த இடத்தில் இப்போது 32,000 வரை நிற்கின்றன. நாட்டுச் சராசரி மகசூல் ஏக்கருக்கு 4,400 கிலோவைத் தாண்டிவிட்டது.

இதைக் கேட்டதும், "அப்போ நெருக்கிப் போட்டாலே மகசூல் வந்துடும்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. டொனால்ட் டூவிக் என்ற பயிர்ப்பெருக்க விஞ்ஞானி 1930கள் முதல் பல பத்தாண்டுகளில் வெளிவந்த ஒட்டு ரகங்களை அயோவாவில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒப்பிட்டார். 2005இல் அதைத் தொகுத்து எழுதினார். செடிகளை ரொம்பத் தள்ளித் தள்ளி நட்டால், பழைய ரகத்துக்கும் புது ரகத்துக்கும் ஒரு செடியின் மகசூலில் பெரிய வித்தியாசம் இல்லை. நெருக்கி நட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. பழைய ரகங்களில் பல செடிகள் கதிரே பிடிக்காமல் மலடாக நின்றன, தட்டை ஒடிந்து சாய்ந்தன. புது ரகங்கள் நெருக்கத்தைத் தாங்கிக் கதிர் பிடித்தன. அவற்றின் இலை நிமிர்ந்து நிற்கும், ஆண் பூங்கொத்து சின்னதாக இருக்கும்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கிற பாடம் ஒன்று: இடைவெளி என்பது ரகத்தோடு சேர்ந்த அளவு. ஒரு ரகத்துக்குச் சொன்ன அளவை இன்னொரு ரகத்துக்கு அப்படியே மாட்டிவிட முடியாது.

மாட்டுக்கென்று விதைத்தபோது

இதுவரை பேசியது மணிக்காகப் போட்ட சோளம். தீவனச் சோளத்தின் கதை கொஞ்சம் வேற மாதிரி.

பச்சைச் சோளத்தைக் காற்றுப் புகாமல் அடைத்துப் பதப்படுத்துகிற முறையை, அதாவது நாம் ஊறுகாய்ப் புல் என்றும் சைலேஜ் என்றும் சொல்வதை, பிரான்சு தேசத்தில் ஒகுஸ்த் கொஃபார் என்பவர் பல வருஷம் சோதித்துப் பார்த்து, 1877இல் புத்தகமாக வெளியிட்டார். அது விரைவிலேயே ஆங்கிலத்தில் வந்து அமெரிக்கப் பால் பண்ணைக்காரர்களிடம் பரவியது. குளிர்காலத்தில் பனி மூடிக் கிடக்கிற தேசத்தில் பச்சைத் தீவனம் கிடைக்கிறது என்றால் சும்மா விடுவார்களா? எல்லோரும் சைலேஜ் குழியும் கோபுரமும் கட்டத் தொடங்கினார்கள்.

அப்போது பலருக்கு ஒரு ஆசை வந்தது. மணி வேண்டாம், பச்சைதானே வேணும்; உயரமாக வளர்கிற ரகத்தை அடர்த்தியாக விதைத்து, முற்றுவதற்கு முன்னாலேயே வெட்டினால் டன் கணக்கில் எடை வருமே என்று நினைத்தார்கள். எடை வந்தது. ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். குழியிலிருந்து சாறு வழிந்தது, தீவனம் கடும் புளிப்பேறியது. வண்டி நிறைய ஏற்றினார்கள். மாட்டுக்குப் போன சத்து அந்த அளவுக்கு இல்லை.

அதன் பிறகுதான் ஆராய்ச்சி நிலையங்கள் பச்சை எடையை விட்டுவிட்டு, தண்ணீர் நீக்கிய உலர் எடையை வைத்துக் கணக்குப் பார்த்தன. விஸ்கான்சினில் பணியாற்றிய ஹென்றி என்ற பேராசிரியர் 1898இல் வெளியிட்ட கால்நடைத் தீவனப் புத்தகம் இந்தத் துறையில் நீண்ட காலம் வழிகாட்டியாக இருந்தது. அந்தக் காலத்துச் சோதனைகளில் தெளிவான விஷயம் இதுதான்: நெருக்கி விதைத்தால் மொத்த உலர் எடை ஓரளவுக்குக் கூடும், ஆனால் அதில் மணியின் பங்கு குறைந்து தட்டையின் பங்கு கூடும். இன்றைக்கு வரைக்கும் தீவன மக்காச்சோளத்தின் அடிப்படைச் சிக்கல் இதுவே.

எடையா, தரமா?

ஒரு நூறு வருஷம் கழித்து, அதே விஸ்கான்சினில் கூசிகான்கி, லாவர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதே கேள்வியை நவீன முறையில் சோதித்து 1999இல் வெளியிட்டார்கள். எக்டருக்கு 45,000க்கும் குறைவான செடியில் தொடங்கி ஒரு லட்சத்துக்கு மேல் வரை விதைத்துப் பார்த்தார்கள். செடி கூடக் கூட உலர் எடை கூடியது. எக்டருக்கு ஒரு லட்சத்தை நெருங்கும்போது எடை உச்சத்தைத் தொட்டது. அதே சமயம் நார் கூடியது, செரிமானத் தன்மை குறைந்தது. ஒரு எக்டரில் கிடைக்கிற பாலைக் கணக்கிட்டால் நெருக்கம் நல்லது. ஒரு டன் தீவனத்தில் கிடைக்கிற பாலைக் கணக்கிட்டால் நெருக்கம் நல்லதில்லை. அதனால் அங்கே சைலேஜுக்கு விதைப்பவர்கள் மணிப் பயிரைவிட ஏக்கருக்கு இரண்டு மூவாயிரம் செடிகள்தான் கூட வைக்கிறார்கள். அதற்கு மேல் போவதில்லை.

ஏன் இப்படி? விஷயம் எளிது. செடிகள் நெருங்கினால் ஒன்றின் நிழல் மற்றதன்மேல் விழுகிறது. வெளிச்சத்தைத் தேடித் தட்டை மெலிந்து உயர்கிறது. ஆண் பூ நேரத்துக்கு மலர்ந்துவிடும். ஆனால் கதிரின் பட்டு இழை வெளிவரத் தாமதமாகும். மகரந்தம் உதிர்ந்த பிறகு இழை வந்தால் மணி எப்படிப் பிடிக்கும்? மணியில்தான் மாவுச்சத்து, அதாவது மாட்டுக்கு எரிசக்தி. நன்றாக மணி பிடித்த சைலேஜில் உலர் எடையில் பாதிக்கு அருகில் மணியாக இருக்கும். மணி குறைந்தால் அந்தக் குறையை நீங்கள் காசு கொடுத்து வாங்குகிற அடர்தீவனத்தில்தான் ஈடுகட்ட வேண்டும்.

இன்னொரு விஷயம். எத்தனை செடி என்பது ஒன்று, அவற்றை எப்படி நிறுத்துகிறோம் என்பது இன்னொன்று. எக்டருக்கு 80,000 செடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசை இடைவெளி 107 சென்டிமீட்டராக இருந்தால், அதாவது பழைய குதிரை அளவாக இருந்தால், வரிசைக்குள் செடிக்குச் செடி 12 சென்டிமீட்டர்கூட இருக்காது. வரிசை 76 என்றால் செடிக்குச் செடி 16. வரிசை 38 என்றால் செடிக்குச் செடி 33. செடி எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் கடைசி முறையில் ஒவ்வொரு செடிக்கும் நான்கு பக்கமும் ஏறத்தாழச் சமமான இடம். தரையில் வெயில் வீணாக விழாமல் பயிர் சீக்கிரம் மூடிக்கொள்ளும், களையும் அடங்கும். நியூயார்க் மாநிலத்துக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2000க்குப் பிறகு நடந்த சோதனைகளில், 76 சென்டிமீட்டர் வரிசையை 38 ஆக்கியபோது தீவன எடை கூடியது. ஆனால் கூடியது பத்து சதவீதத்துக்கும் குறைவு. தரத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஆகவே தரத்தைக் குறைக்கிறது வரிசை நெருக்கம் அல்ல, செடிக் கூட்டம் என்று புரிந்துகொள்ளலாம்.

நம்ம வயலுக்கு என்ன?

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். நம்ம நாட்டில் 1957இல் மக்காச்சோளத்துக்கு அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. 1961இல் கங்கா, ரஞ்சித், டெக்கான் என்ற பெயர்களில் முதல் ஒட்டு ரகங்கள் வந்தன. 1962இல் ஜான்சியில் தீவனப் பயிர்களுக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. இந்த உழைப்பிலிருந்து மணிக்கு ஒரு இடைவெளி, பச்சைத் தீவனத்துக்கு ஒரு இடைவெளி என்று பிரிந்து வந்தது.

மணிக்கு ஒட்டு ரகம் 60க்கு 25 சென்டிமீட்டர். ஏக்கருக்கு சுமார் 27,000 செடி. பச்சைத் தீவனத்துக்கு ஆப்பிரிக்கன் டால் மாதிரியான ரகம் 30க்கு 15 சென்டிமீட்டர். ஏக்கருக்கு சுமார் 90,000 செடி. விதை 16 கிலோ. மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம்! "நெருக்கினால் மணி போயிடும்னு இவ்வளவு நேரம் சொல்லிட்டு, இப்ப இப்படிச் சொல்றீங்களே" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

பச்சையாக வெட்டிப் போடுகிற தீவனத்தை, கதிர் பால் பிடிக்கிற பருவத்திலேயே, 60 முதல் 70 நாளில் அறுத்துவிடுகிறோம். அந்த வயசில் மணியில் மாவு சேர்ந்திருக்காது. இலையும் இளந்தட்டையும்தான் தீவனம். நெருக்கத்தில் தட்டை மெலிசாக இருப்பது அங்கே நன்மை. மாடு அடிவரை தின்றுவிடும். சைலேஜ் போடுகிறவர்கள் மணியில் மாவு ஏறும்வரை காத்திருந்து அறுக்கிறார்கள். அவர்களுக்கு 30க்கு 15 சரிப்படாது. மணிப் பயிர் அளவை வைத்துக்கொண்டு, வரிசைக்குள் கொஞ்சம் மட்டும் நெருக்கினால் போதும். ஆக, மாட்டுக்குத்தானே என்று கேட்பதைவிட, எந்த நாளில் அறுக்கப் போகிறோம் என்று கேட்டுக்கொண்டு விதைப்பதுதான் சரி.

சரி, கையால் வீசுவது? வீசினால் ஒரு இடத்தில் கூட்டம், ஒரு இடத்தில் காலி. கூட்டமான இடத்தில் செடி சோகை பிடித்து நிற்கும். காலியான இடத்தில் களை ஏறும், தட்டை மூங்கில் மாதிரி தடிக்கும். விதையும் கூடுதலாகச் செலவாகும். பார் பிடித்து இரு பக்கமும் ஊன்றுவது ஒரு நாள் வேலைதான்; அதன் பலன் இரண்டு மாசம் கிடைக்கும்.

தனியாக மக்காச்சோளம் மட்டும் போட்டால் புரதம் குறைவு. மூன்று வரிசை மக்காச்சோளத்துக்கு ஒரு வரிசை தீவனத் தட்டைப்பயறு போடுங்கள். 1605இல் அந்தப் பழங்குடி மக்கள் அவரையைச் சேர்த்துப் போட்டார்கள் என்று சொன்னேனே, நாமும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறோம்.

2018இல் நம்ம நாட்டுக்குள் படைப்புழு வந்த பிறகு இடைவெளிக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. மணிப் பயிரில் பத்து வரிசைக்கு ஒரு தடவை 75 சென்டிமீட்டர் நடைபாதை விடச் சொல்கிறோம். உள்ளே போய்க் குருத்தைப் பார்க்கவும், மருந்து அடிக்கவும் வழி வேணும். மருந்து அடித்தால், அந்த மருந்துக்குச் சொன்ன நாள்கள் கழியாமல் தீவனத்தை மாட்டுக்குப் போடவே கூடாது. பால் நம்ம குழந்தைகளும் குடிக்கிறதுதான்.

நீங்களே அளந்து பாருங்கள்

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை விதைக்கும்போது மூன்று சென்ட் நிலத்தை ஒதுக்குங்கள். ஒரு சென்டில் 30க்கு 15, ஒரு சென்டில் 45க்கு 15, ஒரு சென்டில் 60க்கு 20 என்று போடுங்கள். ஒரே நாள் விதைப்பு, ஒரே உரம், ஒரே தண்ணீர். அறுக்கிற நாளில் மூன்றையும் தனித்தனியாக எடை போடுங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் மாடு தின்றது போகத் தொட்டியில் மிஞ்சிய தட்டையையும் எடை போட்டுக் கழியுங்கள். பச்சைத் தீவனத்தில் நூறு கிலோவுக்கு 75, 80 கிலோ தண்ணீர்தான் என்பதால், ஒவ்வொரு சென்டிலிருந்தும் ஒரு கிலோ எடுத்து நறுக்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். சைலேஜ் போடுகிறவராக இருந்தால், ஒரு வரிசையில் நூறு செடியை எண்ணி, அதில் எத்தனை செடியில் கதிர் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த நாலு எண்ணை ஒரு நோட்டில் எழுதினால், உங்கள் மண்ணுக்கும் உங்கள் தண்ணீருக்கும் ஏற்ற இடைவெளி தெரிந்துவிடும். அங்கே குதிரையின் அகலத்துக்குத் தகுந்த மாதிரி எழுபது வருஷம் சோளம் நட்டார்கள். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மாட்டின் வயிற்றைப் பார்த்து நாம் இடைவெளியை வைக்கலாம்.

விதைப்பதற்கு முன்னால் உங்கள் பகுதி வேளாண்மை அலுவலகத்திலோ கால்நடை மருத்துவமனையிலோ ரகத்தையும் இடைவெளியையும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.